நீலம் தெரிந்தால் கிழக்கு

கோழிக்கு ஆடிக்காற்று ஆகாது. நாமக்கல் பக்கம் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் உங்கள் முப்பத்தாறு பக்க விமான விபத்து விசாரணை அறிக்கையில் கோழி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. ‘ஓடுதளத்துக்குக் கிழக்கே கோழிப்பண்ணை ஒன்று உள்ளது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பண்ணை என்னுடையது. அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றபடி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். என் மகள் மஞ்சுளா இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொன்னாள்.

என் பெயர் குருமூர்த்தி, வயது ஐம்பத்தாறு. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே என் பண்ணை. ஐந்து கொட்டகை, நாற்பதாயிரம் முட்டைக்கோழி. முப்பத்தோரு வருடமாக இந்தத் தொழில். முட்டைக்கோழிக்கு விடிவதற்கு முன்பே விளக்குப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அதன் கணக்கு குழம்பிவிடும். என் கல்யாணத்தன்று நாலு மணிக்கு எழுந்து விளக்குப் போட்டுவிட்டுத்தான் முகூர்த்தத்துக்குப் போனேன். பெண் வீட்டார் இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். சொல்லட்டும்.

இடம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் வந்து அளந்து போனீர்கள். ஆனாலும் சொல்கிறேன். பண்ணை மேட்டில் இருக்கிறது. அதற்கு மேற்கே பள்ளத்தில் வடக்கு தெற்காக ஓடுதளம். அதற்கும் மேற்கே மொட்டைப் பாறையாக ஒரு கரடு. யாரோ வீட்டு மனை போட்டு விற்க முடியாமல் விட்டுவிட்டுப் போன நிலத்தை நாலு வருடத்துக்கு முன் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி குத்தகைக்கு எடுத்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் மூன்று வந்தன. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நானும்தான் போனேன்.

பழகுகிறவர்கள் ஏறியதும் எங்கேயும் போய்விடுவதில்லை. ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சுற்று வந்து, கடைசியில் குறுக்கே திரும்பி, இன்னொரு முறை திரும்பி ஓடுதளத்துக்கு நேராக வந்து இறங்குவார்கள். உடனே மறுபடி ஏறுவார்கள். ஒரு காலைக்கு முப்பது சுற்று, நாற்பது சுற்று. அந்தக் குறுக்குப் பாதை என் கொட்டகைகளுக்கு நேர் மேலே, ஐந்நூறு அடி உயரத்தில் அமைந்துவிட்டது.

கோழிக்கு விமானம் தெரியாது. மேலே நிழல் போனால் அதற்குப் பருந்துதான். கூண்டிலேயே வளர்ந்து, பருந்தைக் கண்ணால் பார்த்தே இராத கோழிக்கும் அப்படித்தான். நாற்பதாயிரம் கோழியும் ஒரே மூச்சில் கத்துவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கத்தி முடித்ததும் ஒரு அமைதி வரும், அது அதைவிட மோசம். மறுநாள் தட்டில் ஓடில்லாத தோல்முட்டையாக உருளும். முப்பத்தோரு வருடம் என் கையால் பார்த்துப் பார்த்து வளர்த்தவை இப்படி நடுங்கியது எனக்குத் தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் தலைமைப் பயிற்றுநர் என்று வந்து நின்றது ஒரு பெண். வினோலியா. சேலம் சூரமங்கலத்துப் பெண். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, முப்பது வயது இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மறுநாள் காலை அவளே பண்ணைக்கு வந்து, கொட்டகைக்குள் கூண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இன்னொருவரை மேலே பறக்கச் சொன்னாள். கோழிகள் கத்தின. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணா, இது எனக்குத் தெரியாம போச்சுங்க. மன்னிச்சிடுங்க. நாளையிலேர்ந்து நாங்க அந்தப் பக்கம் சுத்திக்கிறோம்” என்றாள்.

சொன்னபடி செய்தாள். மறுநாள் முதல் விமானங்கள் ஓடுதளத்துக்கு மேற்கே, கரட்டுப் பக்கமாகச் சுற்றின. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. வாரம் ஒரு முறை முட்டை கொடுத்தனுப்புவேன். அவள் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து தருவாள். அக்கம்பக்கம் இப்படி இருந்தால் நாட்டில் கோர்ட்டே வேண்டாம்.

பிறகு ஆடி வந்தது.

ஆடியில் எங்கள் பக்கம் காற்று மேற்கிலிருந்து தள்ளும். ஒரு காலை திடீரென்று விமானங்கள் மறுபடி என் கொட்டகை மேல் வந்தன. போன் செய்தேன். அவள் உடனே வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையையே விமானமாக வைத்துக்கொண்டு விளக்கினாள். நான் பத்தாவது வரை படித்தவன், ஆனால் அன்று அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

“ரெக்கை மேல காத்து ஒட்டிக்கிட்டுப் போற வரைக்கும்தாங்கண்ணா அது விமானம். ஒட்டு விட்டுச்சுன்னா வெறும் தகரம். மெதுவா போய்க்கிட்டு மூக்கைத் தூக்கினா ஒட்டு விட்டுரும். நல்ல உயரத்துல விட்டா பயமில்ல, மூக்கை இறக்கி எடுத்துடலாம். இறங்குற நேரத்துலதான் வம்பு.”

“என்ன வம்புங்க அம்மிணி?”

“மேற்கால சுத்தினா, குறுக்கே வர்றப்ப இந்த ஆடிக்காத்து பின்னாலேர்ந்து தள்ளும். கீழ தரை வேகமா ஓடும். நாம ரொம்ப வேகமா போறோம்னு நெனச்சு பசங்க வேகத்தைக் குறைப்பாங்க. ஆனா ரெக்கைக்கு அது போதாது. அதோட காத்து தள்ளித் தள்ளி, ஓடுதளத்து நேர்கோட்டைத் தாண்டிப் போயிடுவாங்க. தாண்டினது தெரிஞ்சதும் வெட்கம் வந்துரும். எப்படியாவது திருப்பிடணும்னு காலால ஒரு மிதி மிதிச்சு மூக்கை இழுப்பாங்க. அவ்வளவுதான். உள்பக்க ரெக்கை மட்டும் முதல்ல ஒட்டு விட்டு, அந்தப் பக்கமா சுத்திக்கிட்டே விழும். ஐந்நூறு அடியில சுத்த ஆரம்பிச்சா எடுக்கவே முடியாது.”

“வேற வழி?”

“இருக்குதுங்க. தப்பிப்போச்சுன்னு ஒத்துக்கிட்டு, இறங்காம மேல போயிடணும். இன்னொரு சுத்து வரலாம். அதைத்தான் யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க.”

கிழக்கே சுற்றினால் அதே காற்று எதிர்க்காற்றாகி, விமானத்தைப் பிடித்து நிறுத்தும், கோட்டைத் தாண்ட விடாது. அதனால் காற்று அடிக்கும் நாள்களில் மட்டும் என் கொட்டகை மேல் வருவோம், மற்ற நாள்களில் மேற்கேதான் என்றாள். நியாயமான பேச்சு. கத்துகிறவனோடு சண்டை போடலாம். நியாயஸ்தரை என்ன செய்ய முடியும்? சரி என்றேன்.

காற்றை எப்படிக் கணிப்பது என்பதுதான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. பள்ளத்தில் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை கரட்டின் மறைவில் துவண்டு கிடக்கும். மேலே புயலாக அடித்தாலும் கீழே காகிதம் அசையாது. சேலத்திலிருந்து வரும் வானிலைச் செய்தி சேலத்துக் காற்றைச் சொல்லும். மேட்டில் இருக்கும் என் பண்ணைக்குத்தான் முதலில் காற்று தெரியும். காற்று அடித்தால் கொட்டகையின் மேற்குப் பக்கத்தில் நாங்கள் நீலப் படுதாவை இறக்கிவிடுவோம், கோழிக்கு நேராக அடிக்காமலிருக்க. காற்று இல்லாவிட்டால் சுருட்டி மேலே கட்டிவைப்போம். முன் கொட்டகையின் படுதா பள்ளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும், மற்ற நாலும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

அதைக் கவனித்தவள் வினோலியா. “அண்ணா, உங்க படுதாதான் எங்களுக்குச் சரியான கருவி” என்று சிரித்தாள். அன்றே பள்ளியில் வெள்ளைப் பலகையில் எழுதி மாட்டினார்கள்: நீலம் தெரிந்தால் கிழக்கு, தெரியாவிட்டால் மேற்கு. ஒரு விமானப் பள்ளியே என் படுதாவைப் பார்த்துப் பறந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. முட்டை வியாபாரிகள் வந்தால் கூட்டிப்போய் அந்தப் பலகையைக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் ஆடியில்தான் ஒன்று உறைத்தது. கோழிக்குக் காற்று படக்கூடாது என்று படுதாவை இறக்குகிறேன். இறக்கியதும் அதே கோழியின் தலைமேல் விமானத்தை வரவழைக்கிறேன். என் கையாலேயே. ஒரு நாள் சும்மா பார்ப்போமே என்று, காற்று அடித்தும் இறக்காமல் விட்டேன். விமானங்கள் சமர்த்தாக மேற்கே போயின. கோழிகள் அமைதியாக முட்டையிட்டன. அந்த ஒரு காலையின் நிம்மதியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆறு நாள் அப்படி விட்டேன். ஆறாம் நாள் ஒரு விமானம் கோட்டைத் தாண்டி என் மரவள்ளிக் காடு வரை வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிவிட்டு, சட்டென்று மேலே ஏறிப் போனது. வினோலியா சொன்னபடியே இருந்தது. எங்கே தாண்டுவார்கள், எங்கே சாய்வார்கள் என்று அவள் கையில் காட்டியதை இப்போது வானத்தில் பார்த்தேன். நல்ல வாத்தியாரம்மா. ஆனால் முன் கொட்டகைக் கோழிகளுக்குக் காற்று பட்டுச் சளி பிடித்துவிட்டது. அதனால் அத்துடன் நிறுத்திக்கொண்டு படுதாவை இறக்கினேன். கோழி எனக்கு முக்கியம்.

அந்த வருடம் ஒரு முறை அவளிடம் கேட்டுப் பார்த்தேன். ஆடி, ஆவணி இரண்டு மாதம் பள்ளிக்கு லீவு விடக் கூடாதா என்று. பிள்ளைகள் இத்தனை மணி நேரம் பறந்தால்தான் லைசென்ஸ் வரும், அப்பா அம்மா நிலத்தை விற்று அனுப்பியிருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னாள். சுற்றுகளைப் பாதியாகக் குறைக்கிறேன் என்றாள், குறைத்தாள். அவள் குறைத்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி சென்ற வருடம். ஆடி ஒன்பது.

இறந்துபோன பெண் சுகன்யாவை எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருக்கும் குடும்பம், அவள் அப்பா வருடத்தில் பாதி நாள் ஒடிசாவில் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். இருபத்தொரு வயது. முட்டை வாங்க ஒரு முறை வினோலியாவோடு பண்ணைக்கு வந்தாள். கூண்டுகளைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, ரெக்க இருக்குதே, இதெல்லாம் பறக்காதுங்களா?” என்று கேட்டாள். “பறக்கறக்கு எடம் வேணுமல்ல சாமி” என்றேன். சிரித்தாள். விடுமுறை நாளில் அப்பாவை முதல் ஆளாக ஏற்றிக்கொண்டு பறப்பேன், லாரிக்காரர் மேலேயிருந்து தன் லாரிகளைப் பார்க்கட்டும் என்றாள். கலகலப்பான பிள்ளை. அன்றைக்குத் தனியாகப் பறப்பது அவளுக்கு ஏழாவது தடவை என்று உங்கள் அறிக்கையில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கே மேட்டில் நல்ல காற்று. எங்கள் பண்ணையில் பன்னிரண்டு வருடமாக முட்டை பொறுக்கும் குப்பாயி வந்து கேட்டாள்.

“காத்து இந்த அடி அடிக்குதுங்க. முன் கொட்டாயிக்குப் படுதா உட்டரட்டுங்களா?”

“காலிக் கொட்டாயிக்கு எதுக்குப் படுதா? மத்த நாலுக்கும் உடு, போதும்” என்றேன்.

“ஏரோப்ளேன் புள்ளைக பாப்பாங்களேங்க.”

“நான் பாத்துக்கறன். நீ போய் முட்டையப் பொறுக்கு.”

முன் கொட்டகையில் அன்று கோழி இல்லை. நான்கு நாளைக்கு முன்புதான் கறிக்கு விற்று லாரியில் ஏற்றிவிட்டிருந்தேன். போலீஸிடமும் இதைத்தான் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். காலிக் கொட்டகைக்குப் படுதா இறக்காதது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை என்று என் வக்கீலும் சொல்கிறார்.

முன் கொட்டகையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஏழே முக்காலுக்கு சுகன்யா ஏறினாள். முதல் சுற்றில் தாண்டவில்லை, சரியாக இறங்கினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் காற்று கூடியிருந்தது. குறுக்கே வரும்போதே தெரிந்தது, வேகமாக வருகிறாள் என்று. கோட்டைத் தாண்டினாள். மேலே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மூக்கு மட்டும் திரும்பியது, காலால் மிதித்திருப்பாள். உள்பக்க இறக்கை தொங்கியது. ஒன்றரைச் சுற்று சுற்றி மரவள்ளிக் காட்டில் விழுந்தாள். நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

குப்பாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் முதலில் இரண்டாம் கொட்டகைக்குப் போனேன். அதிர்ச்சியில் கோழிகள் ஏதாவது செய்துகொள்ளும் என்று பயம். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நாலையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனபோது, குப்பாயி அந்தப் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் உயிர் போயிருந்தது. நான் போனதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வருவதில்லை. நல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளி மூடப்பட்டது. அறிக்கை பங்குனியில் வந்தது. விமானியின் தவறான திருப்பம், தாழ்ந்த உயரத்தில் சுழன்று விழுதல், காற்றைக் கணிக்காமல் மாணவியைத் தனியே அனுப்பிய பயிற்றுநரின் அலட்சியம். வினோலியாவின் லைசென்ஸைப் பறித்துவிட்டீர்கள். படுதாவைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் ஆட்கள் கேட்டபோது அவள் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளைப் பலகையில் இருந்ததையும் நீங்கள் வருவதற்கு முன் அழித்திருக்கிறாள்.

சித்திரையில் ஒரு நாள் அவள் என்னைப் பார்க்க வந்தாள். கூட அவள் அப்பா, சின்னப்பராஜ். மனிதர் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வினோலியா பாதியாக இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

“அண்ணா, நான் உங்க பேரை எங்கயும் சொல்லலீங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்” என்றாள்.

“ஏன் சொல்லுல?”

“என்னான்னு சொல்றதுங்க? நீங்க என்ன எங்க சம்பளக்காரரா? கொட்டகை காலியா இருந்துச்சு, பழக்கத்துல மறந்திருப்பீங்க. மறக்கிறது குத்தமில்லீங்கண்ணா. நான்தான் மேட்டுக்கு ஒரு நடை வந்து பாத்திருக்கணும். சுகன்யா அப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன், என் தப்புன்னு.”

“அவுரு என்ன சொன்னாரு?”

“கதவைச் சாத்திட்டாருங்க.”

அவள் அப்பா அவள் தோளைத் தொட்டு எழுப்பினார். போகும்போது, “உங்களுக்கு வயசாகுதுங்கண்ணா, உடம்பைப் பாத்துக்கங்க” என்றாள். இனி சேலத்தில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கப் போகிறாளாம். பறப்பதைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை என்று அந்த மனிதர் வாசலில் நின்று சொன்னார். அது ஒன்றுதான் அவர் பேசியது.

அவர்கள் போனபிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அது இல்லை. மறந்திருப்பீர்களாம். வயதாகிறதாம். முப்பத்தோரு வருடத்தில் விளக்கை மறந்தவன் இல்லை, தடுப்பூசியை மறந்தவன் இல்லை. அவள் ஒரு தியாகம் செய்துவிட்டு, அதற்கு என்னை ஒரு மறதிக்காரக் கிழவனாக ஆக்கிவிட்டாள். அவள் கெட்ட பெயரை எடுத்துக்கொண்டது அவள் விருப்பம். ஆனால் என்னுடையதை எடுத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை.

ஆகவே திருத்தம் இதுதான். நான் மறக்கவில்லை.

முன் கொட்டகையில் இருந்த கோழிகளுக்கு அப்போது ஐம்பத்து நாலு வாரம். முட்டைக்கோழி எழுபத்திரண்டு வாரம், எண்பது வாரம் வரை இடும். அதன்பிறகுதான் கறிக்கு ஏற்றுவார்கள். நன்றாக இட்டுக்கொண்டிருக்கும் கோழியைப் பாதியில் ஏற்றுவதை இந்தத் தொழிலில் யாரும் செய்வதில்லை. கழிவுக்கோழி வாங்கும் பெரியசாமி லாரியை நிறுத்திவிட்டு, கூண்டில் கையை விட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க, சீக்கு ஏதாச்சுங்களா? முட்ட உடற கோழியப் போயி ஏத்தறீங்களே.” சீக்கு இல்லை என்றேன். உங்கள் ஆட்கள் அளவுநாடாவோடு எட்டு நாள் காட்டில் அலைந்தார்கள். பெரியசாமியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

படுதாவைச் சுருட்டியே வைக்க வேண்டும், ஆனால் கோழிக்குச் சளி பிடிக்கக் கூடாது. அதற்கு முன் கொட்டகை காலியாக இருக்க வேண்டும். ஆடிக்கு முன்னால் இதை நன்றாக யோசித்தேன். கொட்டகையைக் காலி செய்த அன்று சாயங்காலம் வினோலியாவே போன் செய்தாள், லாரியைப் பார்த்திருக்கிறாள். “அண்ணா, கோழி இல்லேன்னா படுதா?” என்றாள். “எப்பவும் போல எறக்கறனுங்க அம்மிணி, நீ கவலையே படாத” என்றேன். இந்த வாக்கியத்தைத்தான் அவள் உங்களிடம் மறைத்தாள். அவளைப் பொறுத்தவரை இது ஒரு வயதானவரின் மறதி.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு விமானம் விழுந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. யார் விழுவார்கள் என்று எனக்குத் தெரியாது, அதில் எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது. மேலே போய்விடு என்று சுகன்யாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போயிருந்தால் நானும் வேறு வழி யோசித்திருப்பேன். ஆக, மிதித்தது அவள் கால், படுதா என்னுடையது, வினோலியாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு எங்காவது ஓட்டிக்கொள்ளட்டும், தூரமாக.

வக்கீலிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். அனுப்பாதீர்கள் என்றார். நான் எதையும் ஒளித்து வைத்துப் பழகியவன் இல்லை. அதனால் கடைசியாக ஒன்றையும் தெரிவித்துவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று ஆகக் கூடாது. ஓடுதளத்தை வேறு ஒரு பள்ளி எடுத்திருக்கிறது. போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான பையன்கள். படுதா விஷயம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தைத் தொடர முடியுமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். முன் கொட்டகையில் இப்போது புதுக் கோழிகள் இருக்கின்றன, அருமையாக முட்டையிடுகின்றன. ஆனி கடைசியில் வந்து அவற்றை ஏற்றிக்கொள்ளும்படி பெரியசாமியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.